யார் விட்டார்களோ அவர்கள் கையில்

அந்தம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க இங்க யார வுட்டுருக்கீங்க?" என்பது. யாரையும் விடவில்லை என்றேன். "அப்போ உள்ள இன்னா வேல?" என்று கேட்டுவிட்டு, இடுப்பு உயர மூங்கில் படலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானோ ஆலங்காயத்திலிருந்து பைக்கில் மலையேறி, கையில் கோப்பும் கழுத்தில் கைக்குட்டையுமாக, அவருக்கு உதவி செய்யப் போனவன். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். உள்ளே பிள்ளைகள் கேழ்வரகுக் கூழ் குடித்து, வாய் துடைத்துக்கொண்டு, பாயிலும் தூளியிலுமாகக் கண் அசந்த பிறகுதான் வெளியே வந்து, "இப்போ சொல்லுங்கணா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குக் காரணம் என் நல்ல மனசு இல்லை, கையெழுத்து வாங்காமல் போனால் இன்னொரு நாள் மலையேற வேண்டும் என்ற சோம்பேறித்தனம்தான்.

ஆலங்காயத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது பலகையில் இருப்பது. உண்மையான தொழில் வேறு. சுற்றுவட்டாரத்தில் எந்த நர்சரிப் பள்ளிக்கு ஆய்வு என்றாலும், எந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு அதிகாரி வருகிறார் என்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். விண்ணப்பம் நிரப்புவேன், சான்றிதழ்களை ஏற்றுவேன், இல்லாத பதிவேட்டை இருக்க வைப்பேன். கடையின் பின்னறையில் 'ஆய்வு சாமான்' என்று ஒரு செட் வைத்திருந்தேன். தீயணைப்பு சிலிண்டர் இரண்டு, சிவப்பு மணல் வாளிகள், எடை பார்க்கும் மிஷின், முதலுதவிப் பெட்டி, விலங்குகள் படம், ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம். ஆய்வுக்கு முதல் நாள் போய் இறங்கும். அதிகாரியின் வண்டி கண்ணை விட்டு மறைந்ததும் திரும்பி வந்துவிடும். அந்த சிலிண்டர்களில் ஒன்றை ஒரே அதிகாரி மூன்று ஊர்களில் பார்த்து மூன்று இடத்திலும் 'சரி' போட்டிருக்கிறார். இதை நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை, அந்தக் காலத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து மூன்று பெண்கள் ஒரு நாள் கடைக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார்கள். பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவானாலும் உரிமம் வேண்டும், ஆய்வு நடக்கும், தேறாவிட்டால் மூடப்படும் என்று அதில் இருந்தது. அவர்கள் ஊரில் அப்படி ஒரு இடம் இருந்தது. ஊரார் அதைப் 'புள்ள வூடு' என்பார்கள். ஒருவர் சும்மா கிடந்த தன் ஓட்டு வீட்டைக் கொடுத்திருந்தார். அந்தம்மா அதில் பதினெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் சாமைக் காட்டுக்கும் புளி பொறுக்கவும் விடிகிற நேரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கன்வாடி ஓடைக்கு அந்தப் பக்கம், திறப்பது பத்து மணிக்கு.

மூடினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவர்களே சொன்னார்கள். ஒருத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தன் பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்றாள். இன்னொருத்தி, முன்பு செய்ததைப் போலப் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டிக் காட்டோரத்து மரத்தில் கட்டிப் போட வேண்டியதுதான் என்றாள். மூன்றாவது பெண் ஒன்றும் சொல்லாமல் என் கடையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாரத்தில் எல்லாம் ரெடி என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. எட்டாவது வரை படித்தவர், எழுத்து மணி மணியாக இருக்கும். வாயில் எப்போதும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைத்திருப்பார். பேச வேண்டியிருந்தால் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். பேச்சு முடிந்ததும் அது திரும்ப வாய்க்குப் போய்விடும். அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் பதில் கிடைக்காது.

புள்ள வூட்டு வாசலில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு தாம்புக் கயிறு கட்டியிருக்கும். பிள்ளையை விட வருகிற தாய், தன் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு துணித் துண்டைக் கயிற்றில் கட்டிவிட்டுப் போவாள். சாயங்காலம் அவளே வந்து அவிழ்ப்பாள். அவிழ்த்த பிறகுதான் பிள்ளை படலைத் தாண்டும். பச்சை, ரோஜா, கட்டம் போட்டது என்று கயிறு முழுக்கத் தொங்கும். அந்தம்மா உலை வைத்துக்கொண்டே வாசலை ஒரு பார்வை பார்த்து, உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று சொல்லிவிடுவார். இது மலை வழக்கமா, அவராகக் கண்டுபிடித்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, கர்நாடகத்தில் காபித் தோட்டத்தில் வேலை செய்தபோது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் யாரோ ஒருவன் வந்து, 'நான் மாமன்' என்று சொல்லி ஒரு குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்றார். மாமன்தானாம். மறுநாள் குழந்தை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நாள் அந்தத் தாய் தோட்டம் முழுக்க ஓடின ஓட்டத்தை இவர் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் சொல்லவில்லை, புளியங்கொட்டை வாய்க்குப் போய்விட்டது.

"வுட்டவங்க கையிலதான் குடுப்பேன்." இதுதான் அவருடைய சட்டம், வேதம், எல்லாம். இதை அவர் சத்தம் போட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. உப்பு இல்லை என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

ஊர்க்கவுண்டர் ஒரு நாள் பேரனை விருந்துக்குக் கூட்டிப்போக வந்தார். அந்த ஊரில் அவர் சொன்னால் பஞ்சாயத்தே எழுந்து நிற்கும். அந்தம்மாவும் எழுந்துதான் நின்றார், தலையை மூடிக்கொண்டு மரியாதையாகப் பேசினார், தண்ணீர் கொடுத்தார், பேரனை மட்டும் கொடுக்கவில்லை. பேரன் உள்ளேயிருந்து தாத்தாவைப் பார்த்துக் கையாட்டுகிறான். கவுண்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மருமகளை அழைத்து வரச் சாமைக் காட்டுக்கு நடந்தார். அவர் அப்படி நடந்ததை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து குடித்துவிட்டு வருகிற அப்பன்கள் படல் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு சம்பவம் உண்டு. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஒரு பெண் பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, காட்டிலிருந்து நேராகத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டாள். புருஷன், குடிக்காதவன், நல்லவன், பிள்ளையைக் கூட்டிப்போக வந்தான். அவள் பிள்ளையைப் பார்க்கணும் என்று அழுகிறாளாம். அந்தம்மா கொடுக்கவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் போகும் வரை அவனை வாசலில் உட்கார வைத்து, அதன் பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, துணி கட்டியிருந்த இடத்தில் கயிற்றையே அறுத்து எடுத்துக்கொண்டு, அவனோடு கடைசி ஜீப்பில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலில் படுத்திருந்தவள் கையில் அந்தக் கயிற்றுத் துண்டைக் கொடுத்து, அவள் முடிச்சை அவிழ்த்த பிறகுதான் பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினாராம். அதுவரை அந்த அப்பன் பட்ட பாட்டை யார் கணக்கில் வைப்பது? அவரிடமே கேட்டேன். "ஒருத்தன நல்லவன்னு வுட்டா, நாளைக்கு எவன் நல்லவன்னு நானு பாத்துக்கினு இருக்கணும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுக்கவும் முடியவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஆய்வுக்குத் தயார் செய்யப் போனேன்.

முதலில் சாமான். ஜீப்பில் செட்டை ஏற்றிக்கொண்டு போனேன். சிலிண்டர்கள், வாளிகள், எடை மிஷின் எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றவர், சறுக்குமரத்தை இறக்கியதும் புளியங்கொட்டையைக் கையில் எடுத்தார். இது இங்கேயே இருக்குமா, திரும்பிப் போகுமா என்று கேட்டார். ஆய்வு முடிந்ததும் எடுத்துப்போய்விடுவேன் என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுப் பிடுங்கினால் பிள்ளைகள் தாங்காது, அதிகாரிக்குக் காட்டுவதற்காக அவர்கள் ஒரு வாரம் அழ வேண்டுமா என்றார். அப்போதே ஏழெட்டுத் தலைகள் படலுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் அந்த மஞ்சள் பிளாஸ்டிக்கைச் சாக்கு போட்டு மூடித் திரும்ப ஏற்றினேன். சிலிண்டரும் போய்விடும் என்று தெரிந்ததும் அதையும் ஏற்றச் சொன்னார். மணல் வாளிகளாவது இருக்கட்டும் என்றேன். ஓடையில் மணல் இருக்கிறது, தகர டப்பா தன்னிடமே இருக்கிறது என்று வாளியையும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது வருகைப் பதிவேடு. ஆறு மாதத்துக்குக் கேட்பார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, பதினெட்டுப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, தினமும் வந்த நேரம், போன நேரம் போட்டு, தாயின் கைநாட்டுக்கு என் பெருவிரல், என் மனைவியின் பெருவிரல், பக்கத்துக் கடைக்காரரின் பெருவிரல் என்று மாற்றி மாற்றி வைத்து, ஓரத்தில் கொஞ்சம் டீ சிந்தி, பழசாக்கிக் கொண்டுபோனேன். அந்த மாதிரிப் பதிவேடு இந்த மாவட்டத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. அந்தம்மா மடியில் வைத்துப் பொறுமையாகப் புரட்டினார். "பேய் மழ பேஞ்சிதே, அன்னைக்கு ஒரு புள்ளயும் வரல. இதுல பதினெட்டும் வந்துருக்குது" என்றார். அப்படித்தான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அடுத்த முறை நான் போனபோது பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளைகளின் சிவப்பு மெழுகுக் குச்சியால், பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே, மணி மணியான எழுத்தில் 'பொய்' என்று எழுதியிருந்தார். ஒரு பக்கம் விடவில்லை.

அன்றைக்கு நான் கத்தினேன். உரிமம் வேண்டுமா வேண்டாமா, மூடினால் அந்தப் பிள்ளைகளை மரத்தில் கட்டுவார்களே, உங்கள் ஒருத்தி வீம்புக்கு அத்தனை பேரும் அழிய வேண்டுமா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் பிள்ளைகளுக்காகத்தான் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, மோர் கொண்டுவந்து கொடுத்தார். உண்மையில் பாதிக்கு மேல் என் பதிவேட்டுக்காகத்தான் கத்தினேன்.

ஆனாலும் ஒரு ஓட்டை அடைபடாமல் இருந்தது. பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பேர் வேலையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தம்மாவிடம் கேட்டால் காரியம் கெடும் என்று தெரிந்து, கேட்காமலே விண்ணப்பத்தில் உதவியாளர் என்று என் மனைவியின் பெயரைப் போட்டேன். அவள் பிளஸ் டூ படித்தவள். ஆய்வு நாளன்று காலை ஒன்பது மணிக்கு அவளைப் புதுச் சேலையில் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். உதவிக்கு ஒரு ஆள் என்று மட்டும் அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு மூக்கொழுகும் பிள்ளையை அவள் கையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் புதுச் சேலை பழசாகிவிட்டது.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். பெண். கண்ணாடி போட்டவர், கையில் சரிபார்ப்புப் பட்டியல். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேறெங்கோ ஒரு காப்பகத்தில் விபத்து நடந்து, உரிமம் இல்லாமல் எப்படி விட்டீர்கள் என்று மேலிடத்தில் எல்லோரையும் வறுத்தெடுத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிள்ளைகளின் நகங்களைக்கூடப் பார்த்தார். அதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தீயணைப்பு சிலிண்டர் எங்கே என்றார். அந்தம்மா தகர டப்பா மணலைக் காட்டினார். வருகைப் பதிவேடு எங்கே என்றார். அந்தம்மா வாசலைக் காட்டினார்.

நான் குறுக்கே புகுந்து, கயிறு பிள்ளைகளுக்கு நிறம் சொல்லிக்கொடுப்பதற்காகக் கட்டியது, பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். "அவரு சொல்றது நெசம் இல்லிங்க" என்று ஆரம்பித்து அந்தம்மா முடிச்சுக் கதை முழுவதையும் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை. பிறகு என் மனைவியைக் காட்டி, இவர் எத்தனை மாதமாக வேலை செய்கிறார் என்று கேட்டார்.

அந்தம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"காலைல ஒம்போது மணில இருந்துங்க," என்றார். "ஆனா நல்லா பாத்துக்கறாங்க."

என் மனைவி ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வு அத்துடன் முடிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் அந்தம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வேலைக்கு நல்ல பேர் கொடுத்த ஒரே ஆள் அந்தம்மாதான், வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுங்கள் என்றாள்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. உரிமம் மறுக்கப்படுகிறது, இடம் பூட்டி முத்திரையிடப்படும். அதிகாரி, உதவியாளர் ஒருவர், டிரைவர் மூன்று பேரும் பூட்டும் அரக்கும் கொண்டு ஜீப்பில் வந்தார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து கிளம்பி மலையேறி வந்து சேரப் பகல் பதினொன்றாகிவிட்டது. பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள். நானும் போயிருந்தேன், என்ன நடக்கிறது என்று பார்க்க.

அந்தம்மா மறுக்கவில்லை, அழவில்லை, காலில் விழவில்லை. படலைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"மூடணும்னா மூடுங்க. நானு வேணான்னு சொல்லல. ஆனா புள்ளைங்கள ஒப்படைக்காம மூட முடியாதுங்களே. இது அவங்க என்ன நம்பி வுட்ட புள்ளைங்க. யாரு வுட்டாங்களோ அவங்க கையிலதான் குடுக்கணும். அவங்க சாயங்காலம் வருவாங்க. நீங்க உக்காருங்க, கூழு குடிங்க, கடைசிப் புள்ள போனதும் மூடிக்கினு போங்க."

பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை விடச் சொன்னார் அதிகாரி. யாரும் வாங்க மாட்டார்கள் என்றார் அந்தம்மா. அதுபோலவே யாரும் வாங்கவில்லை. அவர்களுக்குத் தெரியும், வாங்கினால் வீட்டில் மருமகளும் மகளும் தங்களோடு பேச மாட்டார்கள். பிள்ளைகளோடு சேர்த்துப் பூட்ட முடியாது. தூக்கி வெளியே உட்கார வைத்துவிட்டுப் பூட்டலாம் என்றால், அதைத் தானே செய்ய அந்த அதிகாரிக்குக் கை வரவில்லை. அது அவருடைய நல்ல குணம். அவர் உட்கார்ந்தார். நான்கு மணிக்கு மேல் தாய்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவிழ்த்தார்கள். பதினேழு துணி இறங்கியது. பதினெட்டாவது துணிக்காரி தூரக் காட்டில் இருந்தாள். மலையில் மூட்டம் இறங்க ஆரம்பித்ததும் டிரைவர், இருட்டில் வளைவுகளில் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஜீப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் நிதானமாக நடந்து வந்தாள். அவள்தான் என் கடைக்கு வந்து ஒன்றும் பேசாமல் நின்ற மூன்றாவது பெண்.

அதற்குப் பிறகு ஊர் பிடித்துக்கொண்டது. ஒரு பிள்ளை உள்ளே இருந்தால் போதும், பூட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டாலும் யாராவது ஒருத்தி பிள்ளையை விட்டு, துணியைக் கட்டிவிட்டு, வெங்காயத் தோட்டமோ உறவுக்காரர் வீடோ எங்காவது போய்விடுவாள். இதை அந்தம்மா சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால் அது ஏமாற்று. அவர் தன் பாட்டுக்கு, விட்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி இரண்டாவது முறை ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒரே ஒரு பிள்ளையை ஐந்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மூன்றாவது முறைக்கு அவர்கள் நாள் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேறொரு ஊரில் கோயில் திருவிழா. அன்றைக்கு அந்த மலையூரே பிள்ளை குட்டிகளோடு காலையில் கிளம்பிப் போய்விடும். அலுவலக உதவியாளர் வேறு வேலையாக ஆலங்காயம் வந்தவர், உத்தரவை நகல் எடுக்க என் கடைக்கே வந்தார். மறுநாள் தேதி போட்டிருந்தது. நானே மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஊரில் யாருக்கும் போன் கிடைக்கவில்லை. எப்படியோ தகவல் போனாலும், திருவிழாவுக்குப் போகிற வழியில் எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்?

வீட்டில் சொன்னேன். என் மனைவி தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "நமக்கு ஒரு புள்ள இருக்குது இல்ல" என்றாள்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயசு. காலையில் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மலையேறினேன். ஊர் காலியாகக் கிடந்தது. அந்தம்மா திருவிழாவுக்குப் போகவில்லை, கயிற்றடியில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கயிற்றில் ஒரு துணிகூட இல்லை. நான் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்திவிட்டு, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று மட்டும் கேட்டார். எல்லாத் தாய்களிடமும் கேட்கும் கேள்வி. வேலை இருக்கிறது, ஆறு மணிக்கு வருவேன் என்றேன். கட்ட என்னிடம் சேலை இல்லை. கழுத்துக் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்து, இறுக்கமாகக் கட்டச் சொன்னார். அதுவரை அந்தக் கயிற்றில் எந்த அப்பனும் கட்டியதில்லை.

வேலை என்று சொன்னேனே தவிர எனக்கு ஒரு வேலையும் இல்லை. மகள் அழுதால் கூப்பிடுவார்களோ என்று தூரமாகவும் போக மனம் வரவில்லை. கீழே இரண்டாவது வளைவில், சிக்னல் கிடைக்கிற இடத்தில், பைக்கை மரத்தடியில் தள்ளி நிறுத்திவிட்டுப் பாறையில் உட்கார்ந்தேன். பதினொரு மணிவாக்கில் ஜீப் மேலே போனது. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. எடுத்ததும் அதிகாரியின் குரல். உள்ளே இருப்பது என் மகள்தானே என்றார். ஆமாம் என்றேன். உடனே வந்து அழைத்துக்கொண்டு போகச் சொன்னார். எங்கே இருக்கிறீர்கள் என்றார்.

வேலூரில் இருக்கிறேன் என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இருபது வருஷமாக என்னை வாழவைத்த பொய்களில் அதுவும் ஒன்று. வேலூர் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, பூட்டும் விழாது, என் மேலும் கோபம் வராது. ஆனால் அதைச் சொன்னால் மேலே கட்டிவிட்டு வந்த முடிச்சும் என் பதிவேட்டுக் கைநாட்டும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"கீழ ரெண்டாவது வளைவுலதான் உக்காந்துகினு இருக்கேன் மேடம்," என்றேன். "பத்து நிமிசத்துல வந்துரலாம். வர மாட்டேன்."

ஏன் என்று கேட்டார்.

"எம் பொண்ண அங்க வுட்டுருக்கேன். ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கினு போறேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். அது வரைக்கும் அவ அங்கதான் இருப்பா."

நான் சொன்னதை அறிக்கையில் எழுதப்போவதாகச் சொன்னார். அரசு வேலையைத் தடுத்ததாக எழுத வேண்டியிருக்கும், என் கடைக்கும் ஆபத்து வரும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார்.

"எழுதிக்குங்க மேடம். எம் பேர மட்டும் இனிஷியலோட சரியா எழுதுங்க" என்றேன்.

மூன்று மணிக்கு ஜீப் இறங்கியது. இந்த முறை நான் ஒளியவில்லை, சாலையோரம் எழுந்து நின்றேன். அதிகாரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அதிகாரி போகச் சொல்லிக் கையைக் காட்டியிருக்க வேண்டும், வண்டி நிற்காமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் மலைக்கு வரவில்லை. உரிமமும் வரவில்லை. நாங்கள் போட்ட மேல்முறையீடு கணினியில் இன்றைக்கும் 'பரிசீலனையில்' என்றே நிற்கிறது. அந்தம்மா மகனோடு காபித் தோட்டத்துக்கே திரும்பிப் போய் இரண்டு வருஷமாகிறது. புள்ள வூட்டை இப்போது அந்த மூன்றாவது பெண்ணும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர். என் கடைக்கு, ஜீப் இறங்கிப் போன மறுநாளே அதிகாரிகள் வந்து பின்னறையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து விட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்த வளைவில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஜீப் சத்தம் அடங்கிவிட்டது. இனி யாரும் வரப்போவதில்லை. அப்போதே மேலே போய் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம், பசி வேறு. ஆறு மணிக்கு வருவேன் என்று சொல்லியிருந்தேன். திரும்பவும் பாறையில் உட்கார்ந்தேன்.